இன்ஷாப் காருக்கு ரிவேர்ஸ் வைத்த கதை

எங்கள் கிண்ணியாப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது, அதைச் சுற்றிய வளவும் பெண்ணுடையது. வருகிற மனிதர் எப்படிப்பட்டவர் என்று நாங்கள் இருந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என் தங்கை நுஸ்ரத்தின் மாப்பிள்ளை இன்ஷாப்பை நான் எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வாப்பா ஒரே வளவைப் பிரித்து முன்பாதியை எனக்கும் பின்பாதியை அவளுக்கும் எழுதினார். என் குசினி யன்னலைத் திறந்தால் நேரே அவர்கள் வாசல். வேண்டுமென்று பார்க்கிறேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. யன்னல் அங்கேதான் இருக்கிறது.

இன்ஷாப் மூதூர் ஆள். மீன்பிடிப் படகுகளின் இயந்திரம் திருத்துவார், பைபர் படகுக்கு ஓட்டை விழுந்தால் அடைப்பார். கிண்ணியாத் துறையடியில் அவருக்கு நல்ல பெயர். கல்யாணத்தன்று உடுப்புப் பெட்டியோடு இரும்புச் சாமான் பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். குடிக்க மாட்டார், சூதாட மாட்டார், ஐந்து நேரமும் தொழப் பள்ளிக்குப் போவார். ஆனால் கதைக்க மாட்டார். பத்துக் கேள்வி கேட்டால் ஒரு ‘ம்’ வரும். வாய் திறக்காத ஆம்பிளையை நம்பலாம் என்று ஊரில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன், எங்கள் வாப்பாவும் அதிகம் கதைக்காத மனிதர்தான்.

வாப்பாவின் பெயர் கலீலுர் றஹ்மான். நெல் வியாபாரம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வெளிக்கிடுவார். எங்கே என்று உம்மா கேட்டால், “சும்மா, ஒரு சுத்து” என்பார். அவர் மௌத்தான அன்று, அடக்கத்துக்கு முன் மையித்தை வீட்டில் வைத்திருக்க, மூதூரிலிருந்து ஒரு பெண்ணும் கல்யாண வயதில் ஒரு மகளும் வந்து கேற்றடியில் நின்றார்கள். யார் என்று கேட்டதற்கு அந்தப் பெண், தானும் அவருடைய மனைவிதான் என்று மெதுவாகச் சொன்னாள். மார்க்கம் இடம் கொடுத்த விசயம், அதில் நான் குறை பிடிக்க வரவில்லை. ஆனால் அத்தனை வருடத்தையும் அந்த மனிதர் ஒரு ‘சும்மா’வுக்குள் ஒளித்து வைத்திருந்தாரே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. உம்மா அடுத்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டா.

அப்போது நுஸ்ரத் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல் ‘எங்க?’ என்பது. மாப்பிள்ளை கடைக்கு வெளிக்கிட்டால் எங்க. பள்ளிக்கு வெளிக்கிட்டால் எந்தப் பள்ளிக்கு. போனில் கதைத்தால் ஆரு. இன்ஷாப் கோபப்பட்டு நான் கண்டதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பொறுமை எனக்கு நல்லதாகப் படவேயில்லை. மடியில் ஒன்றும் இல்லாதவன் ஒரு நாளாவது சத்தம் போட மாட்டானா?

இனிக் காருக்கு வருகிறேன். யாரோ விழுந்து நொறுக்கிய பெரிய மோட்டச் சைக்கிள் ஒன்றை இன்ஷாப் பழைய இரும்புக் கடையில் வாங்கிவந்தார். அதன் இயந்திரத்தைக் கழற்றி, குழாய்களை வளைத்து வெல்டிங் பண்ணி, படகுக்குப் போடுகிற பைபரிலேயே உடம்பு செய்து, மிஞ்சிய படகுப் பெயின்ரைப் பூசி, இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை எங்கள் வளவுக்குள் பிறப்பித்தார். கதவும் இல்லை, கூரையும் இல்லை. நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நீல நிறத்தில் கிடக்கும். எங்கள் ஒழுங்கைத் தெருவில் அதற்குத் தவளை என்று பெயர். பதிய முடியாது என்று மோட்டார் வாகனக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். பெருந்தெருவில் கண்டால் பிடிப்போம் என்று பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆகவே அது வயல் பாதையிலும் கடற்கரை ஒழுங்கைகளிலும் மட்டும் ஓடும்.

மோட்டச் சைக்கிளுக்கு ரிவேர்ஸ் கிடையாது. காலை ஊன்றிப் பின்னுக்குத் தள்ளினால் அது போய்விடும். அந்தக் குறை காருக்கும் வந்தது. என் சுவருக்கும் பக்கத்து வேலிக்கும் நடுவால் நுஸ்ரத் வீட்டுக்குப் போகிற பாதை காரின் அகலம்தான். உள்ளே வரும்போது மூக்கை முன்னால் நீட்டி வரும், வெளியே போகத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். இன்ஷாப் முன்னால் நின்று தள்ளுவார், நுஸ்ரத் உள்ளே இருந்து கழுத்தைத் திருப்பி ஸ்டியரிங் பிடிப்பாள். அவளுக்கு முன்னுக்கு ஒரு முழம் ஓட்டத் தெரியாது. பின்னுக்கு எடுப்பதில் அவளை வெல்ல இந்த ஊரில் ஆள் இல்லை. போன இடத்தில் பாதை முடிந்துவிட்டாலும் இதே வேலைதான். அதனால் கார் போகிற இடமெல்லாம் அவளும் போயாக வேண்டும். ஒவ்வொரு வெள்ளியும் அசருக்குப் பிறகு இரண்டு பேரும் தவளையில் ஏறிப் போவார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மாப்பிள்ளையைத் தனியாகப் போகவிடாத கார் எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும்?

அப்படி மூன்று வருடம் போனது.

என் வீட்டுக்காரர் ஹிஸ்புல்லாவுக்குச் சொந்தமாக ஹாட்வெயார் கடை இருக்கிறது. ஆணி முதல் வயர் வரை இன்ஷாப் அங்கேதான் எடுப்பார். ஒரு நாள் ஹிஸ்புல்லா வந்து சோறு தின்றுகொண்டே, உன் மச்சான் திருகோணமலை ரவுணில் போய்ப் பற்றரிக்குப் போடுகிற தடித்த வயர் வாங்கியிருக்கிறார், நம்மிடம் அதே வயர் சுருளாகக் கிடக்கிறதே என்றார். அவருக்கு வியாபாரம் போன கவலை. எனக்கு வேறு கவலை. பக்கத்தில் கிடைக்கிற வயரைப் பாலம் தாண்டிப் போய் வாங்குகிறவர் எதை மறைக்கிறார்?

விசயம் இரண்டொரு நாளில் வெளிச்சத்துக்கு வந்தது. காரின் பின் அச்சில் பெரிய பல்லுச் சில்லு ஒன்றைப் பூட்டினார். பக்கத்தில் ஒரு பழைய வானின் ஸ்டார்ட்டர் மோட்டரைப் பொருத்தினார். பொத்தானை அமுக்கினால் மோட்டரின் சின்னப் பல் வெளியே பாய்ந்து பெரிய சில்லைக் கவ்விச் சுழற்றும், கார் பின்னுக்குப் போகும், விட்டால் பல் உள்ளே போய்விடும். இயந்திரம் வேண்டியதில்லை, பற்றரியே போதும். இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை. நுஸ்ரத்துக்கும் முழுதாகச் சொல்லவில்லை. நான் யன்னலடியில் மீன் கழுவியபடி பார்த்து விளங்கிக்கொண்டேன்.

முதல் முறை பொத்தானை அமுக்கியபோது கார் பின்னுக்குப் போகவில்லை. முன்னுக்குப் பாய்ந்து நுஸ்ரத்தின் கோழிக்கூட்டை இடித்துத் தள்ளியது. மோட்டர் பொருத்திய பக்கம் பிழையாம். கோழிகள் என் வளவெல்லாம் ஓடின. இன்ஷாப் கோழிகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, மோட்டரை மறுபக்கம் திருப்பிப் பூட்டினார். அடுத்த நாள் கார் தானாகவே, ஒரு மனிதன் நடக்கிற வேகத்தில், உறுமிக்கொண்டு பின்னால் போய் ஒழுங்கையில் நின்றது. பார்க்க வந்தவர்கள் கை தட்டினார்கள். அந்த மனிதர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண்டேன். நுஸ்ரத் வாசற்படியில் நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. நான் நினைத்ததைத்தான் அவளும் நினைத்திருப்பாள்.

அந்த வெள்ளி அவள் வழக்கம்போல அபாயாவை உடுத்து, முக்காட்டுக்கு ஊசி குத்தி வெளியே வந்தாள். இன்ஷாப் ஏற்கெனவே காருக்குள் இருந்தார்.

“நீ இரு. நான் போய்ட்டு வாறன்.”

“எங்க?”

“சும்மா.”

வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் நான் பொறுத்திருப்பேன். கார் பின்னுக்குப் போய், திரும்பி, மறைந்தது. நுஸ்ரத் உடுத்த உடுப்போடு என் குசினிக்குள் வந்து கதிரையில் இருந்தாள். ஊசியைக் கழற்றவேயில்லை.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முன்னால் அவர் திரும்பி வந்தார். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அதே கதை. நாங்கள் சும்மா இருக்கவில்லை. அவள் சட்டையை முகர்ந்து பார்த்தாள், கடல் வாடை தவிர ஒன்றுமில்லை. அவருடைய போனைப் பார்த்தாள். படகுக்காரர்களும் என் வீட்டுக்காரரும் தவிர யாரும் அவருக்குப் போன் எடுக்கவில்லை. இவ்வளவு துப்புரவாக ஒரு போன் இருக்குமா என்று நான் கேட்டேன். சில்லில் ஒட்டியிருந்த சேற்றை நான் கிள்ளிப் பார்த்தேன். கறுப்புச் சேறு, உப்புப் பூத்திருந்தது. மூதூர்ப் பக்கமும் அப்படிச் சேறு இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். தெருவில் இறங்கி யாரிடமாவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும், நீலத் தவளை போவதைக் காணாதவர் யார்? ஆனால் கேட்டால் அடுத்த நாள் ஊர் முழுக்கக் கதை. வாப்பா விசயத்தில் ஒரு தரம் ஊருக்குக் கதை கொடுத்தது போதும்.

நுஸ்ரத் சாப்பாட்டைக் குறைத்தாள். என்ன வந்தாலும் வாழ்வேன், மையித்தடியில் நின்று தெரிந்துகொள்ள மட்டும் என்னால் ஏலாது என்றாள். அந்த மனிதர் போய்விட்டால் இவள் உடைந்துபோவாள். வீடு அவளுடையதுதான், ஆனால் வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

அப்போதுதான் பியூஸ் விசயம் என் கண்ணில் பட்டது. கரையில் கார் செய்கிற யாரும் அந்த மோட்டருக்குப் பியூஸ் போட மாட்டார்களாம், ஹிஸ்புல்லா சொன்னார். இன்ஷாப் படகுக்காரர். நடுக்கடலில் வயர் பற்றினால் ஓட இடமில்லை என்ற பயம் அவருக்குக் கரையிலும் போகவில்லை. இருக்கைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி வைத்து, அதற்குள் ஒரு தகட்டுப் பியூஸை இரண்டு நட்டால் இறுக்கியிருந்தார். அதைக் கழற்றிவிட்டால் கார் முன்னுக்கு நன்றாக ஓடும், பின்னுக்கு மட்டும் வராது.

நான் நுஸ்ரத்துக்குச் சொன்னேன்: “போற இடத்தில கார் இறுகி நிண்டா ஆரையாவது தள்ளக் கூப்பிடத்தானே வேணும். கூப்பிடுற ஆள் ஆரெண்டு பாப்பம்.”

அடுத்த வெள்ளி இன்ஷாப் காரைப் பின்னுக்கு எடுத்து ஒழுங்கையில் விட்டுவிட்டு அசருக்குப் பள்ளிக்குப் போனார். நுஸ்ரத் அவருடைய நட்டுக் கழற்றுகிற சாவியாலேயே இரண்டு நட்டையும் கழற்றினாள். நான் சந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வந்தார், ஏறினார், போனார். அவள் முந்தானை முடிச்சுக்குள் பியூஸ் இருந்தது.

நாங்கள் குசினிக்குள் இருந்தோம். தேத்தண்ணி ஆறிப்போனது. மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். கார் வரவில்லை, போனும் வரவில்லை. முதலில் எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி மாதிரித்தான் இருந்தது. அவளைக் கூப்பிடவில்லை என்றால் வேறு யாரையோ கூப்பிட்டிருக்கிறார். பிறகு நுஸ்ரத் பள்ளத்தில் விழுந்திருப்பாரோ என்று அழத் தொடங்கியதும் எனக்கும் பயம் பிடித்தது. தெரிந்த ஓட்டோ ஒன்றை மறித்து ஏறினோம். இனி ஊர்க் கதையாவது ஒன்றாவது. கடைக்குக் கடை நிறுத்தித் தவளையைக் கண்டீர்களா என்று கேட்டோம். எல்லாரும் ஒரே பக்கம் கை காட்டினார்கள், உப்பாற்றுப் பக்கம்.

அங்கே கைவிடப்பட்ட ஒரு இறால் பண்ணை இருக்கிறது. அதன் மண் அணை தண்ணீருக்கு நடுவால் நீளமாகப் போய், உடைந்த மதகோடு முடிந்துவிடும். அகலம் ஒரு வாகனம்தான், இரண்டு பக்கமும் தண்ணீர். ஓட்டோ உள்ளே போகாது என்று ஓட்டோக்காரர் நிறுத்திவிட்டார். நாங்கள் இறங்கி நடந்தோம். பொழுதுபட்ட மம்மல் நேரம். அப்பால் கொட்டியாரக் குடாவில், துறைமுகத்துக்குள் வரக் காத்திருந்த கப்பல்களில் விளக்கு எரிந்தது. அணையின் முடிவில் கார் நின்றது, அதற்குள் இன்ஷாப் இருந்தார். நான் அங்குமிங்கும் பார்த்தேன். வீடில்லை, குடிசையில்லை, ஒரு நாய் கூட இல்லை.

அவர் எங்களைக் கண்டு திடுக்கிடவில்லை. நுஸ்ரத் காரடியில் போய் நின்று கேட்டாள்.

“இஞ்ச ஆரு இருக்கிற?”

“ஆருமில்ல.”

“அப்ப ஏன் வாறீங்க?”

“ஆருமில்லாததாலதான்.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. களைத்துப்போன ஒரு மனிதரின் குரல். எனக்குச் சுருக்கென்றது. உடனே கோபமும் வந்தது. எங்கள் வீட்டில் என்ன குறை வைத்தோம்? நேரத்துக்குச் சோறு, மரியாதை, எல்லாம் இருக்கிறதே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க முடியவில்லை. என் குசினி யன்னல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

“இறுகினா எனக்கு ஒரு போன் எடுக்க ஏலாதா?” என்றாள் நுஸ்ரத்.

அவர் கையை விரித்துக் காட்டினார். உள்ளே இரண்டு நட்.

“இதை வடிவா பெட்டிக்குள்ளயே வச்சிருந்தாய். தொலைஞ்சிடக்கூடாதெண்டு. அதைக் கண்டதும் விளங்கிட்டு, நீதான் எண்டு. எப்பிடியும் வருவாய், அதுதான் இருந்தனான்.”

நுஸ்ரத் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பியூஸை எடுத்தாள். அவர் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. நட்டுச் சாவியைக் கேட்டு வாங்கினாள். குனிந்து, இருக்கைக்குக் கீழே தானே பியூஸை வைத்து இரண்டு நட்டையும் இறுக்கினாள். நான் போன் வெளிச்சம் பிடித்தேன். அவள் கண்ணீர் பியூஸ் பெட்டியில் விழுந்தது, அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மூடினாள். இன்ஷாப் பக்கத்து இருக்கையில் கிடந்த துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஏறு, போவோம் என்றார்.

“இல்ல. நீங்க இருந்துட்டு வாங்க.”

அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் நிற்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அணை வழியே நடந்தாள். நான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு தரமும் பார்க்கவில்லை. அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

ஓட்டோவில் ஏறியதும் நான் சொன்னேன், எல்லாம் நல்லதுக்குத்தான், வேறு பெண் ஒருத்தியும் இல்லையே, மனதைத் தேற்றிக்கொள் என்று. எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஒரு பொம்பிள இருந்திருந்தா நான் சண்டை பிடிச்சிருப்பன், ராத்தா. மயிரைப் பிடிச்சு இழுத்திருப்பன். ஆருமில்லாததோட நான் எப்பிடிச் சண்டை பிடிக்கிற?”

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். அன்றைக்கு ஓட்டோக்காரரைத்தான் வேகமாகப் போகச் சொன்னேன்.

இன்ஷாப் எங்களுக்குப் பின்னால் சிறிது நேரத்தில் வந்துவிட்டார். அவள் சோறு போட்டாள். அவர் தின்றார். யன்னலைச் சாத்திவிட்டபடியால் வேறு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சாத்தியது சும்மா, கடிக்கிற நுளம்பு வருகிறதென்று.

அடுத்த வெள்ளி அசருக்குப் பிறகு மோட்டர் உறுமியது. கார் பின்னுக்குப் போய் ஒழுங்கையில் நின்றது. போகவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டபடி இன்ஷாப் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வீட்டு உடுப்போடு படியில் நின்றாள். நீயும் வாறியா என்று அவர் கேட்டார். மனசாரக் கூப்பிடுகிறாரா, கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று கூப்பிடுகிறாரா என்று நான் காது கொடுத்துக் கேட்டேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்கும் முடியவில்லை போலும். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, நீங்க போய்ட்டு வாங்க என்று சொன்னாள்.

எங்கே என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவள் கதவு நிலையை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். கார்ச் சத்தம் சந்தியைத் தாண்டி ஓய்ந்ததும் அவள் நேரே என் குசினிக்கு வந்தாள். பழைய கதிரையில் இருந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ராத்தா, என்னத்தையாவது கதையுங்க,” என்றாள். “அவர் வரும்வரைக்கும் நிப்பாட்டாமக் கதையுங்க.”

நான் கதைத்தேன். மீன் விலை, மழை, கோழிக்கூடு, வாயில் வந்தது எல்லாம். அவள் காது என்னிடம் இல்லை, ஒழுங்கையில் இருந்தது. என் காதும் அங்கேதான் இருந்தது.